விசர் பிடித்ததா, கதைக்கிறதா? வீட்டு நாய், பூனைகளின் விசித்திரப் பழக்கங்களை விளங்கிக்கொள்வோம்

ஊரில் நாய்க்கு முற்றமும் படலையும் இருந்தன. பூனைக்கு அடுப்படியும் கூரையும் இருந்தன. மிஞ்சிய சோற்றையும் மீன் தலையையும் தின்றுவிட்டு நாய் மாமர நிழலில் படுத்துக் கிடந்தது. பூனை எலி பிடித்தது, சாம்பல் சூட்டில் சுருண்டு கிடந்தது. இரண்டும் என்ன நினைக்கின்றன என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. பிடிக்காத இடத்தை விட்டு விலகிப்போக அவற்றுக்கு ஒரு முழு வளவே இருந்தது.

புலம்பெயர்ந்த நாடுகளில் நிலைமை வேறு. பிள்ளைகள் மாதக்கணக்கில் கெஞ்சியதால் வீட்டுக்கு வந்த நாயோ பூனையோ, ரொறன்ரோவின் அடுக்குமாடியிலும் லண்டனின் சிறிய வீட்டிலும் எங்களோடு ஒரே சோபாவில் வாழ்கிறது. அப்போதுதான் கேள்விகள் எழுகின்றன. அதிகாலை மூன்று மணிக்குப் பூனை ஏன் வீட்டைச் சுற்றி ஓடுகிறது? நாய் ஏன் வேலைக்குப் போனவரின் சப்பாத்தை மட்டும் தேடி எடுத்துக் கடிக்கிறது? "இதுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" என்று அம்மம்மா கேட்கிறார். "இல்லை அம்மம்மா, அது சும்மா பகிடி விடுது" என்று பேரன் சிரிக்கிறான்.

பல வேளைகளில் இரண்டு பேரின் கணிப்பும் சரியாக இருப்பதில்லை. அந்த மிருகத்துக்கு விசரும் இல்லை, அது பகிடியும் விடவில்லை. தன் உடம்பாலும் பழக்கத்தாலும் எதையோ சொல்கிறது. அதைப் பிழையாக விளங்கிக்கொள்வதால் வரும் நட்டம் சிறியதல்ல. குற்றம் செய்யாத நாய் அடி வாங்குகிறது. குழந்தை கடி வாங்குகிறது. நோயுற்ற பூனை காப்பாற்றக்கூடிய நேரம் கடந்தபின் வைத்தியரிடம் போகிறது. ஆகவே எது சாதாரண பழக்கம், எது எச்சரிக்கை, எது நோய் என்று பிரித்தறிவது, வீட்டில் மிருகம் வளர்க்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவையான அறிவு.

குற்ற உணர்வா, பயமா?

வேலை முடிந்து வீடு திரும்புகிறீர்கள். குப்பை வாளி கவிழ்ந்து கிடக்கிறது. நாய் காதைப் பின்னே மடித்து, தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் பார்க்கிறது. "பாருங்கோ, தான் செய்த பிழை அதுக்குத் தெரியும்" என்கிறோம்.

அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். சில தடவை நாய் கீழ்ப்படிந்திருக்கும். சில தடவை தின்றிருக்கும். ஆனால் திரும்பி வரும் உரிமையாளருக்கு எப்போதும் உண்மை சொல்லப்படவில்லை. முடிவு தெளிவாக இருந்தது. அந்தக் "குற்ற முகம்" நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் ஏசினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. ஒரு பிழையும் செய்யாமல் ஏச்சு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது.

அதாவது நாய் எங்கள் முகத்தையும் குரலையும் பார்த்துப் பயப்படுகிறது. மூன்று மணித்தியாலத்துக்கு முன் கவிழ்த்த குப்பை வாளிக்கும் இப்போது கிடைக்கும் அடிக்கும் இடையில் அது தொடர்பு காண்பதில்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: "இவர் வீட்டுக்கு வரும் நேரம் ஆபத்தான நேரம்."

தனிமையில் நாசம் செய்யும் நாய்

இரண்டு பேரும் வேலை, பிள்ளைகள் பாடசாலை, பின்னேரம் தமிழ் வகுப்பு. எங்கள் வீடுகளில் பல, நாளில் எட்டு மணித்தியாலம் வெறுமையாகக் கிடப்பவை. நாயோ கூட்டமாக வாழும் பிராணி. அது கதவைப் பிராண்டுவதும், மெத்தையைக் கிழிப்பதும், பயிற்சி பெற்ற பின்னும் உள்ளே சிறுநீர் கழிப்பதும், அயலவர் முறைப்பாடு செய்யும் அளவுக்கு ஊளையிடுவதும் பழிவாங்கல் அல்ல. பெரும்பாலும் பிரிவுப் பதற்றம் அல்லது தாங்கமுடியாத சலிப்பு. அணிந்த சப்பாத்தில் அதன் உரிமையாளரின் மணம் நிறைந்திருக்கிறது. நாயின் மூக்கில் மணம் உணரும் கலங்கள் இருபது கோடிக்கு மேல். மனிதருக்கு ஐம்பது, அறுபது இலட்சம் மட்டுமே. தனித்திருக்கும் நாய் அந்தச் சப்பாத்தை நாடுவதில் வியப்பில்லை.

கைத்தொலைபேசியை ஒளிப்பதிவில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் வெளியே போய்ப் பாருங்கள். நீங்கள் போன சில நிமிடங்களிலேயே மூச்சிரைத்து, உலாவி, கதவடியில் அழுதால் அது பதற்றம். நன்றாகத் தூங்கி எழுந்து பிறகு கடிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் சலிப்பு. சலிப்புக்கு நடையும் விளையாட்டும் மருந்து. பதற்றத்துக்கு, சில நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று தனிமையைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். கடுமையானால் மிருக வைத்தியரின் உதவி தேவை. யேர்மனியில் 2022 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி நாயைப் போதிய அளவு வெளியே உலாவ விட வேண்டும். எந்த நாட்டில் வாழ்ந்தாலும் இது நல்ல அளவுகோல்தான்.

கொட்டாவியும் ஒரு சொல்

பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பகுதி இது. நாய் "திடீரெனக் கடித்தது" என்று சொல்லப்படும் சம்பவங்களில் பலவற்றில், அது முன்கூட்டியே பல தடவை "வேண்டாம்" என்று சொல்லியிருக்கும்.

நோர்வேயின் நாய்ப் பயிற்சியாளர் துரிட் ருகோஸ் இந்தச் சைகைகளைப் பற்றி விரிவாக எழுதியவர். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, நிலத்தை மோப்பம் பிடிப்பது எல்லாம் நாய் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் செயல்கள். அது பலிக்காவிட்டால் அடுத்த படி: உடலை ஒடுக்குதல், காதை மடித்தல், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல். அதற்கும் மேலே, அசையாமல் விறைத்து நிற்றல். பிறகு உறுமல். பிறகுதான் கடி.

குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் படங்களைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அடுத்த தடவை நாயின் முகத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். பல படங்களில் அது வாயை இறுக மூடி, தலையைத் திருப்பி, கண் வெள்ளை தெரிய நிற்கும். கட்டிப்பிடிப்பது எங்களுக்கு அன்பு. நாய்க்கு அது விலகிப்போக முடியாத பிடி.

உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. அடித்தால் மணி நின்றுவிடும், ஆபத்து நிற்காது. அடுத்த தடவை அது சத்தமின்றிக் கடிக்கக்கூடும். குழந்தையை அமைதியாக விலக்கி, எது அதற்கு இடைஞ்சலாக இருந்தது என்று பாருங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது என்பது பிள்ளைகளுக்கான முதல் விதியாக இருக்கட்டும்.

வாலாட்டுவதெல்லாம் சந்தோஷமும் அல்ல. உடல் முழுவதும் நெளிய வால் தளர்ந்து ஆடினால் அது வரவேற்பு. வால் உயர்ந்து விறைத்து, நுனி மட்டும் வேகமாக ஆடினால் அது உசார் நிலை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உரிமையாளரைக் கண்ட நாய்களின் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், முன்பின் தெரியாத ஆதிக்கமான நாயைக் கண்டபோது இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடியதை அளந்து காட்டினார்கள்.

எங்கள் முதியவர்கள் சிலர் நாயைக் கண்டதும் கையை ஓங்குவார்கள், அல்லது பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதைக் கேலி செய்ய வேண்டாம். விசர்நாய்க்கடியால் மனிதர் இறந்ததை அறிந்த தலைமுறையின் பயம் அது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் ஓடினால் நாய் துரத்தும். அசையாமல் நின்று, கைகளை உடம்போடு வைத்து, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல் இருப்பதே பாதுகாப்பு. பேரப்பிள்ளைகளோடு சேர்த்து அம்மப்பாவுக்கும் அப்பம்மாவுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

சொல்வழி கேளாத நாய்

மகள் ஆங்கிலத்தில் "கம்" என்கிறாள். அப்பா "வா" என்கிறார். அம்மம்மா "இஞ்சை வாடா ராசா" என்கிறார். நாய் மூவரையும் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அது பிடிவாதம் அல்ல.

லோரா குவாயா என்ற ஆய்வாளர் மெக்சிகோவிலிருந்து ஹங்கேரிக்குத் தன் நாயுடன் இடம்பெயர்ந்தார். அதுவரை ஸ்பானிய மொழி மட்டுமே கேட்டு வளர்ந்த தன் நாய்க்கு, சுற்றியிருப்போர் வேறு மொழி பேசுவது தெரியுமா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. புடாபெஸ்டில் அவரும் சக ஆய்வாளர்களும் 18 நாய்களுக்கு ஸ்பானிய மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் ஒரே கதையை ஒலிக்கவிட்டு, மூளையைப் படம்பிடித்தனர். பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாய்களின் மூளை பிரித்தறிந்தது. வயது கூடிய நாய்களிடம் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது.

ஆகவே உங்கள் நாய்க்குத் தமிழ் பழக்கமான மொழியாக இருக்கலாம். ஆனால் ஒரே செயலுக்கு மூன்று சொற்கள் வேண்டாம். "வா", "இரு", "விடு" என்று வீட்டில் எல்லோரும் ஒரே சொற்களை முடிவுசெய்து குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். சில கிழமைகளில் வித்தியாசம் தெரியும். அம்மம்மாவும் இனி விருந்தாளியாக அன்றி, நாய்க்கு உரியவர்களில் ஒருவராக மாறுவார்.

பூனையின் கணக்குகள்

எங்கள் வீட்டுப் பூனையின் முன்னோர் ஆபிரிக்கக் காட்டுப் பூனை. தனியாக வேட்டையாடி, விடியலிலும் மாலைக் கருக்கலிலும் கூடுதலாக உலாவும் விலங்கு. அதிகாலை ஓட்டத்துக்கு விளக்கம் அதுவே. பகல் முழுக்கத் தூங்கிய பூனைக்கு அந்த நேரம் வேட்டை நேரம். படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் நூலையோ இறகையோ துரத்த விட்டு, பிறகு சாப்பாடு வையுங்கள். வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்ற ஒழுங்கு அதன் உடம்பில் ஊறியது. மூன்று மணிக்கு எழுந்து சாப்பாடு வைத்தால், மூன்று மணிக்கு எழுப்பினால் சாப்பாடு கிடைக்கும் என்றுதான் அது படிக்கும்.

மடிக்கணினியின் மேல் ஏன் படுக்கிறது? பூனைக்கு வசதியான வெப்பநிலை 30 பாகைக்கு மேல். நாங்களோ குளிர்காலத்தில் வீட்டை 20 பாகை அளவில் வைத்திருக்கிறோம். ஊரில் சாம்பல் மேட்டைத் தேடிய அதே பூனைதான் இங்கே கணினியையும் சூடேற்றியையும் தேடுகிறது. வெறும் அட்டைப் பெட்டிக்குள் புகுவதும் சூட்டுக்காகவும் மறைவுக்காகவும்தான். நெதர்லாந்தில் ஒரு பூனைக் காப்பகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் புதிய இடத்துக்கு விரைவாகப் பழகின.

மடியில் ஏறி மா பிசைவதுபோல் கால்களை மாற்றி மாற்றி அழுத்துவது, குட்டியாக இருந்தபோது தாய் மடியில் பால் சுரக்கச் செய்த அசைவின் தொடர்ச்சி. எதையோ மணந்துவிட்டு வாயைப் பிளந்தபடி நிற்பது அருவருப்பு அல்ல. மேல்வாயில் உள்ள தனி உறுப்பொன்றுக்கு அந்த மணத்தை அனுப்புகிறது. கதிரைக் காலிலும் உங்கள் காலிலும் கன்னத்தை உரசுவது, தன் மணத்தைப் பூசி "இது என் இடம்" என்று பதிவது.

இங்குள்ள கடைகளில் விற்கும் கற்னிப் என்ற மூலிகையை மணந்து பூனை உருள்வதைப் பார்த்து வியக்கிறோம். அது புதினாக் குடும்பச் செடி. எங்கள் வேலியோரக் குப்பைமேனிக்கும் இதுபோன்ற வசியம் உண்டு. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து புரளும். அதனால்தான் அதற்குப் "பூனைவணங்கி" என்றும் பெயர் வைத்தார்கள். எல்லாப் பூனைகளும் இவற்றுக்கு மயங்குவதில்லை. மயங்கினாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

பூனையோடு பேச ஓர் எளிய வழியும் உண்டு. பிரித்தானியாவின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, உரிமையாளர் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் அப்படியே பதில் சொல்லும் வாய்ப்புக் கூடுகிறது. அப்படிக் கண் சிமிட்டிய அந்நியரின் கையை நோக்கியும் பூனைகள் கூடுதலாக வந்தன. பூனைக்குப் பயந்த பிள்ளைக்கும், பிள்ளைக்குப் பயந்த பூனைக்கும் இது நல்ல தொடக்கம்.

ஊளையும் வெடியும்

இரவில் நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்றும், யமன் வருவது அதன் கண்ணுக்குத் தெரியும் என்றும் எங்களிடம் நம்பிக்கை உண்டு. மருத்துவமனையில் ஒருவர் கிடக்கும் வேளையில் வீட்டு நாய் ஊளையிட்டால் முதியவர்களின் முகம் வாடிவிடும். ஊளை என்பது தூரத்தில் இருக்கும் கூட்டத்துக்கு நாய் விடும் அழைப்பு. நகரங்களில் அம்புலன்ஸ் வண்டியின் நீண்ட ஓசை அந்த அழைப்பைப் போலவே ஒலிக்கிறது. நாய் பதில் கொடுக்கிறது. எங்கள் காதுக்கு எட்டாத தூரத்தில் அந்த வண்டி போனாலும் அதற்குக் கேட்கும். மனிதக் காது செக்கனுக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே பிடிக்கும். நாய்க்கு அது ஏறத்தாழ 45,000, பூனைக்கு 60,000க்கும் மேல்.

அப்படிப்பட்ட காதுகளுக்கு வாணவேடிக்கை என்னவாக இருக்கும்? பிரித்தானியாவில் நவம்பர் 5, கனடாவில் யூலை 1, சுவிற்சர்லாந்தில் ஓகஸ்ட் 1, எல்லா நாட்டிலும் புத்தாண்டு இரவு. நாய் கட்டிலுக்கு அடியில் நடுங்குகிறது, பூனை அலுமாரிக்குப் பின்னால் மறைகிறது. வெடிச்சத்தத்தில் உடம்பு ஒடுங்குவது என்னவென்று எங்கள் வீடுகளில் பலருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த நடுக்கத்தைச் செல்லம் என்று சொல்லி வெளியே இழுக்காதீர்கள். யன்னல் திரையை மூடி, தொலைக்காட்சியைப் போட்டு, ஒளிந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். அது உங்களை நாடி வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் கொடுப்பதால் பயம் வளராது.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

இதுவரை சொன்னவை பெரும்பாலும் இயல்பான பழக்கங்கள். கவனிக்க வேண்டியது திடீர் மாற்றம். நேற்றுவரை இல்லாத பழக்கம் இன்று வந்தால், அதன் பின்னால் வலியோ நோயோ இருக்கலாம்.

பூனை மணற்தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தால் ஏசுவதற்கு முன் யோசியுங்கள். தட்டு அழுக்காக இருக்கலாம். சிறுநீர்ப்பையில் அழற்சி இருக்கலாம். ஆண் பூனை அடிக்கடி தட்டுக்குப் போய், முக்கி, கத்தி, சொட்டுக் கூட வராமல் திரும்பினால் அது அவசர நிலை. அதன் சிறுநீர் வழி மிக ஒடுங்கியது. அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். மலச்சிக்கல் என்று நினைத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பூனை "கர் கர்" என்று உறுமினால் சுகமாக இருக்கிறது என்றே எண்ணுகிறோம். வலியிலும் அது அப்படிச் செய்யும். பூனை வலியை மறைக்கும் பிராணி என்பதால், மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் அதன் முகத்திலிருந்து வலியை மதிப்பிடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். காது வெளிப்பக்கம் சரிதல், கண் சுருங்குதல், மூக்கு வாய்ப் பகுதி இறுகுதல், மீசை நேராக விறைத்தல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். வயதான பூனை இரவில் காரணமின்றிக் கத்தத் தொடங்கினால் தைரொயிட் நோய், உயர் இரத்த அழுத்தம், காது கேளாமை போன்றவற்றைச் சோதிக்க வேண்டும்.

நாய் புல் தின்பது பெரும்பாலும் பயப்பட வேண்டியதல்ல. கலிபோர்னியாவில் உரிமையாளர்களிடம் நடத்திய ஆய்வில், புல் தின்னும் முன் நோயுற்றதுபோல் தெரிந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுத்தால் குதச் சுரப்பியைப் பார்க்க வேண்டும். பாதத்தை ஓயாமல் நக்கினால் ஒவ்வாமையாகவோ, பனிக்காலத்தில் வீதிக்குத் தூவும் உப்பின் எரிச்சலாகவோ இருக்கலாம். நடந்து வந்ததும் பாதத்தைக் கழுவுங்கள். தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றால் உடனே வைத்தியரிடம் போங்கள். அது மூளை சார்ந்த கோளாறின் அறிகுறி. வயதான நாய் மூலையில் முட்டி நின்று, இரவு பகல் மாறி உலாவினால், மனிதருக்கு வரும் மறதி நோய் போன்ற ஒன்று அதற்கும் வந்திருக்கலாம்.

விருந்து முடிந்த மறுநாட்களில் நாய் சோர்ந்து படுத்தால், என்ன தின்றது என்று கேளுங்கள். "ஊரில் சோறும் கறியும் தின்றுதானே வளர்ந்தது" என்று சொல்கிறோம். கறியில் உள்ள வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். பாயாசத்தில் போடும் பிளம்ஸ் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

வைத்தியச் செலவு பெரிது, தயங்குவது இயல்பு. முதலில் தொலைபேசியில் விவரம் சொல்லிக் கேளுங்கள். விசித்திரமான செயலைக் காணொளியாக எடுத்து வைத்திருங்கள். வைத்தியரின் மேசையில் ஏறியதும் மிருகம் அதைச் செய்து காட்டாது. கேள்விகள் மூன்றே. இது எப்போது தொடங்கியது? அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது அல்லது மாறியது? சாப்பாடு, தண்ணீர், தூக்கம், மலசலம் நான்கும் பழையபடி உள்ளனவா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், ஏசுவதா, பழக்குவதா, வைத்தியரிடம் ஓடுவதா என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.